எண்ணெய் மழையும் பயிர்ச் சேதமும்

கடலிற் கொட்டிய எண்ணெய் ஆவியாகி மேகத்திற் கலந்து, மழையோடு வயலில் இறங்குமா? இறங்கினால் பயிர் கருகுமா? எண்ணூரை அடுத்த கடலில் 2017-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் வெளிப்பட்டதற்குப் பின்னும், 2023-ஆம் வருஷம் டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததற்குப் பின்னும், இவ்வினாவைக் கரையோரக் கிராமங்களின் பட்டாதாரர்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கின்றனர். கிராம அதிகாரிகளுள் சிலர், இலை கருகிய வயல்களைக் குறித்து மேலிடத்திற்கு எழுதும் அறிக்கையில் சேதத்தின் காரணம் "எண்ணெய் மழை" என்றே குறித்துவிடலாமா என்று யோசனை கேட்டதும் உண்டு. அவ்விதம் குறித்தல் சரியன்று. அதனால் விவசாயிக்கு நன்மையும் இல்லை. காரணத்தைச் சற்று விரிவாகவே கூறுகிறேன்.

இந்த அச்சம் மிகப் பெரிய அளவில் எழுந்தது ஐக்கிய அமெரிக்க நாடுகளின் தென்கரையில். 2010-ஆம் வருஷம் ஏப்ரல் 20-ந் தேதி இரவு, லூயிஸியானா கரையிலிருந்து சுமார் 66 கிலோமீட்டர் தூரத்தில், மெக்ஸிகோ வளைகுடாவில் "டீப்வாட்டர் ஹொரைஸன்" என்னும் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்தது. 11 பேர் மாண்டனர். இரண்டு நாளில் மேடையும் மூழ்கிற்று. சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில் கடலடியிலிருந்த கிணற்றின் வாய் திறந்தபடியே இருந்து, ஜூலை 15-ந் தேதி அடைக்கப்படும் வரையில் 87 நாட்கள் எண்ணெயைக் கக்கியது. வெளிவந்த எண்ணெய் சுமார் 49 லட்சம் பீப்பாய் என்பது அமெரிக்க சர்க்காரின் மதிப்பு. கடலிற் சேர்ந்தது 31.9 லட்சம் பீப்பாய் என்று நியாயஸ்தலம் பின்னர்த் தீர்மானித்தது. ஒரு பீப்பாய் 159 லிட்டர் கொண்டது.

அவ்வருஷம் ஜூன் மாதத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரை அடுத்த வீதிகளில், மழை நின்றபின் சாக்கடை ஓரங்களில் வானவில் நிறங் காட்டும் படலம் மிதப்பதைச் சிலர் படம் பிடித்து, "எண்ணெய் மழை பெய்கிறது" என்று பரப்பினர். அதே சமயத்தில், கரையிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் அப்பால் டென்னஸி ராஜ்யத்தில் மெம்பிஸ் நகருக்கு அருகிலுள்ள வயல்களிற் பலவகைப் பயிர்களின் இலைகளில் புள்ளி புள்ளியாகக் கருகல் தோன்றிற்று. இரண்டையும் ஜனங்கள் முடிச்சுப் போட்டனர். கடலிலிருந்து வரும் மேகம் விஷ மேகமென்றும், தென் ராஜ்யங்களின் சாகுபடி முழுவதும் அழியுமென்றும் வதந்தி பரவிற்று.

வதந்தியை நம்பியவர்களை மூடர் என்று தள்ளிவிடுவது நியாயமன்று. விபத்து நேர்ந்த முதல் வாரத்தில் நாளொன்றுக்கு வெளிவரும் எண்ணெய் 1,000 பீப்பாய் என்று சொல்லப்பட்டது. பிறகு 5,000 என்றனர். முடிவில் உண்மையான அளவு தொடக்கத்தில் நாளொன்றுக்கு சுமார் 62,000 பீப்பாய் இருந்ததெனக் கணக்கிடப்பட்டது. வளைகுடாவில் மத்திய சர்க்காரின் ஆளுகைக்குட்பட்ட கடற்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மீன்பிடித்தல் தடுக்கப்பட்டிருந்தது. முதற்கணக்கு இவ்வளவு தவறிய இடத்தில், "மழைக்கு யாதொரு கெடுதலும் இல்லை" என்று அதே வாயால் சொல்லும்போது குடிகள் ஐயுறுவது இயற்கையே. ஆயினும், சொல்பவர் ஒருமுறை தவறினார் என்பதால் பொருளின் இயல்பு மாறிவிடாது. எண்ணெயும் நீரும் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதை நாமே ஆராய்ந்து தெளியலாம்.

உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு முதற்பாதி எளிதில் விளங்கும். கடல்நீர் வெயிலில் ஆவியாகும்போது நீர் மட்டுமே மேலே செல்கிறது. உப்பு பாத்தியிலேயே தங்குகிறது. கச்சா எண்ணெயிலுள்ள கனமான பகுதிகளும், அதாவது தார், மெழுகு, மசகு போன்றவையும், இவ்விதமே தங்கிவிடுகின்றன. அவை வெயிற்சூட்டில் ஆவியாவதில்லை. கரையில் ஒதுங்கும் தார் உருண்டைகள் இந்த மிச்சமே.

இவ்விடத்தில் நீலகிரி ஜில்லாவைச் சேர்ந்த வாசகர் ஒருவர் குறுக்கிட்டு, "தைல இலையை நீரிலிட்டுக் காய்ச்சினால் தைலம் ஆவியோடு சேர்ந்தே வருகிறதே, எண்ணெய் மேலேறாது என்று எப்படிச் சொல்லலாம்?" என்று கேட்கக்கூடும். நல்ல கேள்வி. கச்சா எண்ணெயிலும் அத்தகைய இலேசான பகுதிகள் உண்டு. பெட்ரோலின் வாசனைக்குக் காரணமான பென்ஸீன், டொலுவீன் முதலியவை அவை. கடலின்மேல் வந்த ஓரிரு நாட்களிலேயே இவை பெரும்பாலும் ஆவியாகிக் காற்றிற் கலக்கின்றன. 2010-ஆம் வருஷம் ஜூன் 8, 10 தேதிகளில் அமெரிக்க சமுத்திர வாயுமண்டல இலாகாவின் விமானம் எண்ணெய்ப் பரப்பின்மேல் பறந்து காற்றைச் சோதித்தபோது, இவ்வாவிகளும் அவற்றினின்று உண்டான நுண்துகள்களும் காற்றோட்டத்தின் திசையில் பட்டையாகச் செல்வது காணப்பட்டது. ஆகவே "கடலிலிருந்து எதுவும் மேலே போகவில்லை" என்று சொல்வதும் பிழையே.

ஆனால் தைலம் இறக்குபவர் கடைசியிற் காண்பது என்ன? குளிர்ந்தபின் தைலம் வேறு, நீர் வேறு என்று பிரிந்து நிற்கிறது. நீரில் கரைவது மிகச் சொற்பம். மேகத்திலும் அப்படித்தான். பென்ஸீன் ஆவி மழைத்துளியிற் புகுவதைவிடக் காற்றில் தங்குவதையே விரும்புகிறது என்று சொல்லலாம். கணக்கைப் பார்ப்போம். வண்டி வாகனங்கள் நெருங்கிய நகர வீதியில் இருக்கக்கூடிய அளவாக, ஒரு கன மீட்டர் காற்றில் 10 மைக்ரோகிராம் பென்ஸீன் இருப்பதாக வைத்துக்கொண்டால், அக்காற்றினூடே விழும் மழையில் ஒரு லிட்டருக்கு சுமார் இருபதில் ஒரு பங்கு மைக்ரோகிராம் மட்டுமே கரையும். குடிநீரில் இருக்கலாமென்று உலக சுகாதார ஸ்தாபனம் வரையறுத்த அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். மழையிலிருப்பது அதில் இருநூறில் ஒரு பங்கு. நாம் குடிக்கத்தக்க நீருக்குரிய அளவே இதுவாயின், நெற்பயிர் இதனால் கருகுமென்பது பொருந்தாது. அன்றியும், இவ்வாவிகள் வெயிலில் சிதைந்து சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் வேறு பொருள்களாய் மாறிவிடுகின்றன.

இலைக்கு எண்ணெய் எவ்வளவு பட்டால் சேதம் என்பதும் நமக்குப் புதிதன்று. அசுவினியையும் செதிற்பூச்சியையும் ஒழிக்க நம் இலாகா நெடுங்காலம் சிபாரிசு செய்துவந்த மண்ணெண்ணெய் சோப்புக் கரைசலை மூத்த விவசாயிகள் நினைவிற் கொண்டிருப்பார்கள். பல மடங்கு நீர் விட்டுத் தெளித்த பின்னும் அதில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு மண்ணெண்ணெய் இருக்கும். காலை மாலைகளில் சரியாகக் கலந்து தெளித்தால் இலை அதனைத் தாங்கிற்று. சரியாகக் கலக்காமல், எண்ணெய் பிரிந்து மேலே நின்ற கரைசலைத் தெளித்தவர்களே இலையைக் கருக்கினர். அதைவிடக் குறைத்து, மழையில் நூற்றுக்கு ஒரு பங்கு எண்ணெய் இருந்தாலே கெடுதல் என்று கொள்வோம். ஓர் ஏக்கரில் 10 மில்லிமீட்டர் மழை என்பது சுமார் 40,000 லிட்டர் நீர். நூற்றில் ஒரு பங்கு 400 லிட்டர் எண்ணெய். ஆயிரம் ஏக்கர் கொண்ட ஒரு கிராமத்திற்கு 4 லட்சம் லிட்டர், அதாவது 2,500 பீப்பாய். பூமி கக்கிய ஒரு நாளைய எண்ணெய் முழுவதையும், ஒரு துளியும் சிந்தாமல் ஆகாயத்திலேற்றி, 500 கிலோமீட்டர் சுமந்து சென்று ஊற்றினாலும் இருபத்தைந்து கிராமங்களுக்குக்கூடப் போதாது. பெய்தாலும் அது கண்ணுக்குத் தெரியாமற் பெய்யாது. ஓட்டுக்கூரை, மாட்டு முதுகு, கிணற்று நீர் யாவும் பிசுக்கேறி நாறும்.

எண்ணெயைச் சிதறடிக்கத் தெளித்த மருந்தைப் பற்றியும் பேச்சு எழுந்தது. "கோரெக்ஸிட்" என்னும் பெயருடைய அச்சரக்கு சுமார் 70 லட்சம் லிட்டர், விமானத்திலிருந்தும் கடலடியிலும் செலுத்தப்பட்டது. அதன் முக்கியமான உறுப்பு சோப்பைப் போன்றதோர் உப்பு; உப்பாகையால் ஆவியாகாது. உடன் சேர்ந்த கரைப்பான்களுள் ஓரளவு ஆவியாகும் ஒன்று முதல்வகைச் சரக்கில் இருந்தது. அது காற்றில் விரைவில் சிதைவது. அமெரிக்காவின் சுற்றுப்புறப் பாதுகாப்பு இலாகாவும், எண்ணெயும் இம்மருந்தும் கலந்து கடலிலிருந்து ஆவியாகி மழையிற் சேருமென்பதற்கு ஆதாரம் எதுவுமில்லை என்றே அப்போது தெரிவித்தது. விமானத்திலிருந்து தெளிக்கையில் காற்றடித்துப் பக்கத்துப் படகிலிருப்பவர்மேல் படுவது வேறு விஷயம். அது உண்மையான தொல்லை. அதை மழை என்று கூறலாகாது.

நிற்க. வானத்திலிருந்து எண்ணெய் ஒருபோதும் விழுவதில்லை என்று நான் சொன்னதாக எவரும் கொள்ளவேண்டாம். 1991-ஆம் வருஷம் குவெய்த்தில் 600-க்கு மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்கு ஈராக்கியப் படைகள் தீ வைத்தன. கடைசித் தீ அணைந்தது நவம்பர் 6-ந் தேதி. அப்புகை மழையிற் கலந்து ஈரான் தேசத்தில் கறுப்பு மழையாகப் பெய்தது. தீப்பற்றாமற் பீறிட்ட கிணறுகளைச் சுற்றி எண்ணெயே தூறலாகத் தெறித்து விழுந்து, புகைக்கரியுடனும் மணலுடனும் இறுகி, அந்நாட்டு நிலப்பரப்பில் நூற்றுக்கு சுமார் ஐந்து பங்கை மூடிற்று. ஆனால் அங்கு நடந்தது என்ன? எண்ணெய் எரிந்தது, அல்லது அழுத்தத்தால் துளிகளாக ஆகாயத்தில் வீசப்பட்டது. கடலின்மேல் அசைவற்றுக் கிடக்கும் எண்ணெய் இவ்விரண்டும் செய்வதில்லை. மெக்ஸிகோ வளைகுடாவிலும் எண்ணெயைக் கூட்டிச் சேர்த்து 400-க்கு மேற்பட்ட தடவை கொளுத்தினர்; அப்புகை விழுந்த இடம் பெரும்பாலும் கடலே. ஆகவே எண்ணெய் விபத்தைப் பற்றிக் கேள்விப்பட்டால் விவசாயி முதலிற் கேட்கவேண்டியது, "எரிகிறதா?" என்பது. எரிந்தால், புகை வீசும் திசையிலுள்ள கீரை, வெற்றிலை, காய்கறி முதலியவற்றில் கரி படிவதைக் கவனித்தல் வேண்டும்.

இனி, நீர்மேல் காணும் படலம். நியூ ஆர்லியன்ஸ் வீதியில் கண்டது எதுவாயினும், வெயிற்காலத்திற்குப்பின் முதல் மழையில் எந்தத் தார் ரோட்டிலும் இதைக் காணலாம். வண்டிகள் சொட்டிய எண்ணெய் நீரில் மிதந்தெழுகிறது. வானவில் நிறங் காட்டும் படலம் மிக மெல்லியது. ஒரு மில்லிலிட்டர் எண்ணெய் மூன்று சதுர மீட்டர் நீர்ப்பரப்பை அவ்விதம் மூடப் போதுமானது. கண்ணுக்குப் பெரிதாய்த் தோன்றும், அளவில் ஒன்றுமில்லை.

வயலில் காணும் படலமோ பெரும்பாலும் எண்ணெயே அன்று. வடிகால் கெட்ட நெல் வயல்களிலும், தேங்கிய வாய்க்கால்களிலும், மண்ணிலுள்ள இரும்புச்சத்தை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் இதே நிறங்களுடன் ஒரு துருப்படலத்தை உண்டாக்குகின்றன. சில வருஷங்களுக்கு முன் கரையோரக் கிராமமொன்றில் ஒரு மிராசுதாரர், இரவு மழைக்குப் பின் நாற்றங்காலில் இப்படலத்தைக் கண்டு எண்ணெயென்றே நிச்சயித்து, நீர் முழுவதையும் வெட்டிவிட்டார். அடுத்த வீட்டாரும் அவரைப் பார்த்து அவ்வாறே செய்தனர். நான் போய்ச் சேர்ந்தபோது மூன்றாம் நாள். முறை வைத்து வரும் வாய்க்கால் நீர் மறுபடி கிடைக்கப் பத்து நாள் இருந்தது. நாற்று வெயிலில் காய்ந்து, மறு விதைப்புக்கு விதை வாங்க நேர்ந்தது. வடிகாலில் மிஞ்சியிருந்த படலத்தை நான் ஒரு குச்சியாற் கலக்கிக் காட்டினேன். கண்ணாடிச் சில்லுகளைப்போல் உடைந்து, உடைந்தபடியே மிதந்தது. எண்ணெயாக இருந்தால் குச்சியை எடுத்தவுடன் மறுபடி ஒன்றுகூடிப் பரவும். இந்தச் சிறு சோதனையை நான் முன்னமே அவ்வூரில் காட்டியிருந்தால் ஒரு நாற்றங்கால் பிழைத்திருக்கும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. குச்சியோடு இன்னொரு சோதனையும் செய்யலாம். வெள்ளைக் காகிதத்தை நீர்மேல் ஒற்றி எடுத்து நிழலில் உலர்த்தவேண்டும். நீர்க்கறை மறைந்துவிடும்; கன எண்ணெய்க்கறை ஒளி ஊடுருவும் புள்ளியாகத் தங்கும்.

நிறமுள்ள மழையைக் கண்டவுடன் பெரிய காரணங்களை நாடுவது எங்குமுள்ள இயல்பு. 2001-ஆம் வருஷம் கேரளத்தில் கோட்டயம், இடுக்கி ஜில்லாக்களில் சிவப்பு மழை பெய்தபோது விண்கல் வெடித்ததென்றே முதலிற் பேசினர். நீரை ஆராய்ந்ததில், மரப்பட்டைகளில் வளரும் ஒருவகைப் பாசியின் வித்துக்கள் நிறையக் கலந்திருந்தது தெரியவந்தது.

அப்படியானால் இலை ஏன் கருகிற்று? இதுவே விவசாயிக்குப் பணம் பெறுமானமுள்ள கேள்வி. வயலின் நடுவில் நின்று பார்த்தாற் போதாது. நான்கு வரப்பையும் சுற்றிவரவேண்டும். மழையினால் நேர்ந்த சேதம் மழை பெய்த இடமெங்கும் ஒரே சீராக இருக்கவேண்டும். ஒரு பக்கம் கடுமையாகவும் மறு பக்கம் இல்லாமலும் இராது. ஒரு வரப்போரத்தில் கருகல் அதிகமாயிருந்து உள்ளே செல்லச் செல்லக் குறைந்தால், பக்கத்து நிலத்தில் களைக்கொல்லி தெளித்ததுண்டா என்று விசாரிக்க வேண்டும். பாராக்வாட் சாரல் பட்ட இலைகளில் நல்ல வெயிலில் ஓரிரு நாளிலேயே பழுப்புப் புள்ளிகள் தோன்றும். நெல், களை, வரப்புச் செடி என்ற பேதமின்றி யாவற்றிலும் தோன்றும். பின்னர் வெளிவரும் குருத்திலை சுத்தமாயிருக்கும். 2,4-டி பட்டால் பருத்தி, தக்காளி ஆகியவற்றின் இளந்தளிர் சுருண்டு முறுக்கிக்கொள்ளும். பருத்தி இம்மருந்தின் வாடையையே தாங்காது எனலாம். ஒரு பயிரில் மட்டும் புள்ளியிருந்து, அருகிலுள்ள வேறு பயிர் நன்றாயிருந்தால் அது நோயாகவே இருக்கலாம். நெல்லில் எள் வடிவான பழுப்புப் புள்ளி செம்புள்ளி நோயையும், இரு முனையும் கூரிய, நடுவே சாம்பல் நிறமான புள்ளி குலைநோயையும் காட்டும். மழைக்குப் பின்னரே இவை மிகுவதால் மழையின்மேல் பழி விழுகிறது. வாகனப் புகை வெயிலிற் பக்குவப்பட்டு உண்டாகும் ஓஸோன் வாயுவும் இலையின் மேற்புறத்தில் நுண்ணிய வெளுத்த புள்ளிகளை இடும். பெரிய நகரங்களை அடுத்த நிலங்களில் இது கவனிக்கத்தக்கது.

பழியை வானத்தின்மேல் போட்டால், களைக்கொல்லியைக் காற்றில் தெளித்தவர் தப்புகிறார். அடுத்த பருவமும் அதையே செய்வார். நோயாயிருந்தால் மருந்திட வேண்டிய வாரம் கழிந்துவிடுகிறது. சேத அறிக்கையோ மேலே சென்று, காரணம் நிரூபணமாகவில்லை என்று திரும்பி வருகிறது.

எண்ணெய் வயலுக்கு வரும் உண்மையான வழிகள் தரைமேல்தான் உள்ளன. எண்ணூரில் 2023-ல் எண்ணெய் வெள்ளத்தோடு வந்தது. தஞ்சாவூர் ஜில்லாவில் கதிராமங்கலத்தில் 2017-ஆம் வருஷம் ஜூன் 30-ந் தேதி நிலத்தடியிற் சென்ற எண்ணெய்க் குழாய் கசிந்து வயலிற் பாய்ந்தது. கடற்கரையில் புயலலை எண்ணெயை ஏற்றிவிடலாம். ஆயினும் அந்த நீரிலுள்ள உப்பே அதைவிடப் பெரிய சத்துரு. 2005-ஆம் வருஷம் "ரீட்டா" புயலின்போது லூயிஸியானாவின் தென்மேற்கு நெல் வயல்களிற் கடல்நீர் ஏறி, அடுத்த வருஷம் பல வயல்களில் விதைக்க இயலாமற் போயிற்று. 2004 டிசம்பரில் சுனாமியைக் கண்ட நாகப்பட்டினம் விவசாயிகளுக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை.

உண்மையாகவே எண்ணெய் வயலுட் புகுந்தால், முதலில் மடையை அடைத்து மேற்கொண்டு நீர் வராமல் தடுக்கவேண்டும். நிற்கும் நீரை அவசரப்பட்டு வடித்தால் படலம் மண்ணில் ஒட்டிக்கொள்ளும்; ஆதலால் வைக்கோற் புரிகளை நீர்மேல் இழுத்து எண்ணெயை ஒரு மூலையில் ஒதுக்கி, முகந்து அப்புறப்படுத்திய பின்னரே வடிக்கலாம். ஒதுக்கிய வைக்கோலை எரிக்கவோ மாட்டிற்குப் போடவோ கூடாது. எண்ணெய் ஊறிய மண்ணில் பயிர் மஞ்சளாவதற்கு ஒரு காரணம், எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தாமே எடுத்துக்கொள்வது. ஈரம் சற்றுக் காய்ந்தபின் மேலாக உழுது காற்றோட்டம் கொடுத்து, மக்கிய எருவும் தழைச்சத்தும் இட்டால் அவ்வுயிர்கள் விரைந்து வேலை செய்யும். எண்ணெய் மிகுதியாக ஊறிய இடத்தில் அவ்வருஷ மகசூலை எதிர்பார்த்தல் வீண். மண்ணைச் சோதித்தறியாமல் அதில் விளைந்ததை உண்ணவும் வேண்டாம்.

மழையைப் பற்றியே ஐயம் நீங்காதவர்கள் சோதனைக்கு அனுப்புவதானால், கூரை நீரையோ மரத்தடி நீரையோ பிடித்து அனுப்பிப் பயனில்லை. கழுவி உலர்த்திய கண்ணாடிப் பாத்திரத்தை, ரோட்டிற்கும் மோட்டார் இறைக்கும் இடத்திற்கும் தொலைவில், திறந்த வெளியில் இடுப்பளவு உயரத்தில் வைத்து, விழும் மழையை நேராகப் பிடித்துக் கண்ணாடிச் சீசாவில் விளிம்புவரை நிரப்பி மூடவேண்டும். பிளாஸ்டிக் சீசா உதவாது. டீஸலோ மண்ணெண்ணெயோ பட்ட கையால் தொடலாகாது. கிராம அதிகாரி சீசாவின்மேல் தேதி, மழை தொடங்கிய நேரம், காற்றின் திசை, சர்வே நம்பர் ஆகியவற்றைக் குறித்து, கருகிய செடி ஒன்றையும் அதே வயலின் நல்ல செடி ஒன்றையும் வேரோடு காகிதத்தில் சுற்றி உடன் அனுப்புதல் வேண்டும். முந்திய ஏழு நாட்களில் சுற்றிலும் யார் யார் என்ன மருந்து தெளித்தனர் என்ற விவரத்தையும் எழுதினால் பரிசோதிப்பவரின் வேலை பாதி முடிந்ததாகும். காரணம் என்ற இடத்தைப் பதில் வரும்வரை காலியாக விட்டு, கண்டதை மட்டும் எழுதுக.